கேள்வி-பதில்: மொனேரோ, ஸீகேஷ் வாங்கலாமா? பிட்காயினுக்குத் துணையாகவா, மாற்றாகவா?

கேள்வி: கொஞ்சம் பிட்காயின் வைத்திருக்கிறேன். அதில் தனியுரிமை இல்லை, விற்றுவிட்டு மொத்தமாக மொனேரோவுக்கு மாறிவிடு, இனி தனியுரிமைக் காயின்களுக்குத்தான் காலம் என்கிறார் நண்பர். மாறலாமா?

மொத்தமாக மாற வேண்டாம். மொனேரோ, ஸீகேஷ் போன்ற தனியுரிமைக் காயின்கள், யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பதை மறைக்கும் காயின்கள். வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் பர்ஸில் ரொக்கமும் வைத்துக்கொள்வார். இரண்டும் பணம்தான், ஆனால் வேலை வேறு. பிட்காயினையும் மொனேரோவையும் அப்படிப் பார்ப்பதுதான் வாங்குபவருக்கு நல்லது.

உங்கள் நண்பர் சொல்லும் குறை உண்மையானது. உங்கள் வாலட்டில் (காயினை வைத்திருக்கும் செயலியில்) 0.85 பிட்காயின் ஒரே தொகையாகக் கிடக்கிறது என்று வையுங்கள். ஒரு கடையில் 0.002 கட்டுகிறீர்கள். அந்த 0.85 முழுவதும் உடைந்து 0.002 கடைக்கும், மீதி சுமார் 0.848 உங்களுடைய இன்னொரு முகவரிக்கும் போகும். பரிவர்த்தனைகளை எவரும் பார்க்கக்கூடிய எக்ஸ்ப்ளோரர் தளத்தைக் கடைக்காரர் திறந்தால் உங்களிடம் எவ்வளவு மிச்சம் என்பதை ஏறத்தாழ சரியாக ஊகித்துவிடலாம். காய்கறி வாங்கப் போகும்போது பாஸ்புக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவதற்குச் சமம் இது. காசின் பழைய கதையும் கூடவே வரும். உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் செய்த தவறுக்காக, காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்ச் உங்கள் டெபாசிட்டை நிறுத்தி வைக்கலாம்.

2014 ஏப்ரலில் வந்த மொனேரோவில் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் செலவிடும் காசோடு சங்கிலியில் (எல்லாப் பரிவர்த்தனையும் பதிவாகும் பொதுப் பேரேட்டில்) கிடக்கும் வேறு 15 காசுகளையும் சேர்த்து, 16-இல் எது உண்மையானது என்று தெரியாதபடி காட்டும். பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் புது முகவரி உருவாகும். தொகையும் வெளியே தெரியாது.

அப்படியானால் பிட்காயினை ஏன் விடக்கூடாது? மொனேரோவை விற்று வெளியே வரும் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. பிட்ரெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2021 ஜனவரியில் அதை நீக்கியது. பினான்ஸ் 2024 பிப்ரவரி 20-இல் நீக்கியது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் கிராக்கன் 2024 அக்டோபர் 31-இல் வர்த்தகத்தை நிறுத்தியது. வாங்க ஆள் குறைந்தால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி கூடும். அவசரத்துக்கு விற்க நினைப்பவருக்கு அது நேரடி நஷ்டம். சேமிப்பை அங்கே வைக்காதீர்கள், செலவுக்கான தொகையை வையுங்கள்.

பிட்காயினிலேயே தனியுரிமை வந்துவிடும், தனிக் காயின் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. லைட்காயின் என்ற இன்னொரு பெரிய காயினில் நடந்ததைப் பாருங்கள். 2022 மே மாதம் அதில் தொகையை மறைக்கும் வசதி வந்தது. விரும்பினால் மட்டும் பயன்படுத்தலாம், கட்டாயமில்லை. அடுத்த மாதமே தென்கொரிய எக்ஸ்சேஞ்சுகளான அப்பிட், பிட்தம்ப் இரண்டும் லைட்காயினையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. பெரிய காயின் தனியுரிமையைச் சேர்த்துக்கொண்டால் தன் கதவுகளை இழக்கிறது. தனியுரிமைக் காயினுக்கோ ரூபாயாக மாறப் பெரிய காயினின் கதவு தேவைப்படுகிறது. ஒன்றை ஒன்று ஒழிக்கும் என்று நம்பி ஒரே பக்கம் பணத்தைப் போடுவது இந்த நிலைமைக்குப் பொருந்தாது.

கேள்வி: மொனேரோவா, ஸீகேஷா?

அன்றாடச் செலவுக்கு மொனேரோ. காரணம் எளிது: அதில் எல்லாப் பரிவர்த்தனையும் மறைவாகத்தான் போகும், நீங்கள் தவறு செய்ய இடம் குறைவு. 2016 அக்டோபரில் தொடங்கிய ஸீகேஷின் கணிதம் மிக வலுவானது, ஆனால் அதில் இரண்டு வகை முகவரி. ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்குவது திறந்த முகவரி, பிட்காயின் போலவே எல்லாம் தெரியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் அதற்குத்தான் வரும். அங்கேயே விட்டுவைத்தால் தனியுரிமை துளியும் இல்லை. மூடிய முகவரிக்கு மாற்றி அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

பலரும் செய்யும் பிழை: காலையில் 3.27 ஸீகேஷை மூடிய பக்கம் அனுப்பி, மாலையில் 3.2698-ஐ வேறொரு திறந்த முகவரிக்கு எடுப்பது. கட்டணம் போக அதே தொகை என்பதால் இரண்டையும் எவரும் சேர்த்துவிடலாம். உள்ளே போன தொகையை அப்படியே வெளியே எடுக்காதீர்கள்.

ஆடிட்டரிடம் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு ஸீகேஷ் வசதி. கணக்கைப் பார்க்க மட்டும் உதவும் அதன் முழுப் பார்வைச் சாவியைக் கொடுத்தால் வரவு, செலவு இரண்டும் தெரியும். மொனேரோவின் பார்வைச் சாவி வரவை மட்டும்தான் காட்டும். அதை மட்டும் பார்த்து ஆடிட்டர் 'இவ்வளவு கையிருப்பா?' என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

கேள்வி: மொனேரோவில் பணம் கட்டினேன். கடைக்காரர் வரவில்லை என்கிறார். பிட்காயின் என்றால் எக்ஸ்ப்ளோரரில் காட்டியிருப்பேன். இதில் எப்படி நிரூபிப்பது?

நிரூபிக்கலாம். மூன்று விவரம் வேண்டும்: பரிவர்த்தனை எண், அந்தப் பரிவர்த்தனைக்கான ரகசியச் சாவி, நீங்கள் அனுப்பிய கடையின் முகவரி. மொனேரோவின் சொந்த வாலட்டில் பழைய பரிவர்த்தனைகளின் பட்டியலில் அந்தச் சாவி கிடைக்கும். மூன்றையும் கொடுத்தால் அதே வாலட்டின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் உள்ள சரிபார்ப்புப் பக்கத்தில் அந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்று கடைக்காரரே பார்க்கலாம். இந்தச் சாவியைக் கொடுப்பதால் உங்கள் பணத்துக்கு ஆபத்தில்லை. அது அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமானது.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சாவி வாலட் கோப்பில் மட்டும் இருக்கும். போனைத் தொலைத்துவிட்டு சீட் சொற்களை (வாலட் தொடங்கும்போது தரும் மீட்புச் சொற்களை) வைத்து வாலட்டை மீட்டால் பணம் வரும், பழைய சாவிகள் வராது. பெரிய தொகை கட்டினால் அன்றே இந்த மூன்றையும் ரசீதுபோல எழுதி வையுங்கள்.

நீங்கள் விற்பவர் என்றால் அவசரப்பட்டுப் பொருளைக் கொடுக்காதீர்கள். மொனேரோவில் 2 நிமிடத்துக்கு ஒரு பிளாக் (சங்கிலியில் சேரும் பரிவர்த்தனைத் தொகுப்பு); வந்த பணத்தைச் செலவிட 10 பிளாக் காத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 14-இல் 18 பிளாக் பின்னோக்கி மாற்றி எழுதப்பட்டது. அதாவது அரை மணி நேரத்துக்கு மேல் உறுதியாகிவிட்டதாகத் தெரிந்த பரிவர்த்தனைகள்கூடக் கலைந்தன. லேப்டாப் மாதிரி விலைகூடிய பொருளுக்கு ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

கேள்வி: மொனேரோ வாலட்டில் பணம் இருக்கிறது, அனுப்ப முடியவில்லை. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. முந்தைய பரிவர்த்தனையின் மீதிச் சில்லறை 10 பிளாக், சுமார் 20 நிமிடம், பூட்டியிருக்கிறது. பர்ஸில் ஒரே ஒரு 500 ரூபாய் நோட்டு இருந்து, டீக்கடையில் கொடுத்தால் மீதி வரும்வரை அடுத்த கடையில் கைவிரிக்க வேண்டியதுதானே! முதல் நாளே பணத்தை ஐந்தாறு பங்காகப் பிரித்து உங்களுடைய துணை முகவரிகளுக்கே அனுப்பி வையுங்கள். துணை முகவரிகள் 8-இல் தொடங்கும்.

கேள்வி: வாலட்டை எங்கிருந்து இறக்குவது? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

அந்தந்தத் திட்டத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். 2019 நவம்பரில் மொனேரோவின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே சிறிது நேரம் திருட்டு மென்பொருள் கலந்த கோப்பு கிடந்தது. கோப்பின் ஷா-256 எண்ணை (கோப்பில் எது மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிட்டுப் பார்த்த ஒரு பயனர் அது பொருந்தவில்லை என்பதைக் கவனித்ததால் வெளியே தெரிந்தது. நிறுவுவதற்கு முன் அந்த எண்ணை நீங்களும் ஒப்பிடுங்கள்.

மொனேரோவின் 25 சீட் சொற்களைத் தாளில் எழுதும்போது வாலட் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். மீட்கும்போது எந்தப் பிளாக்கிலிருந்து தேட வேண்டும் என்று வாலட் கேட்கும். பிந்தைய தேதியைக் கொடுத்தால் கையிருப்பு பூஜ்யம் என்று காட்டிக் கலங்கடிக்கும். பணம் எங்கும் போகவில்லை, முந்தைய தேதியைக் கொடுத்து மறுபடி தேடவிட்டால் வந்துவிடும்.

'ஆவணம் எதுவும் வேண்டாம்' என்று விளம்பரம் செய்யும், காயினை மாற்றித் தரும் சேவைகளில் பெரிய தொகையைப் போடாதீர்கள். காசு உள்ளே போன பிறகு சந்தேகம் என்று நிறுத்திவைத்து ஆவணம் கேட்பது அங்கே நடக்கிறது. அடையாளம் கொடுத்து முறையாக வாங்குவதில் இழப்பு இல்லை. நீங்கள் மொனேரோ வாங்கியது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். அதை எங்கே செலவிட்டீர்கள் என்பது தெரியாது.

கேள்வி: பிட்காயினை மொனேரோவாக மாற்றினால் இந்தியாவில் வரி உண்டா? ரூபாய் கைக்கு வரவே இல்லையே?

உண்டு. காயினுக்குக் காயின் மாற்றுவதும் கைமாற்றம்தான். 40,000 ரூபாய்க்கு வாங்கிய பிட்காயினை 60,000 மதிப்பில் மொனேரோவாக மாற்றினால் 20,000 லாபம். அதற்கு 30 சதவீதம் 6,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 240, ஆக 6,240 ரூபாய். பிறகு அந்த மொனேரோ சரிந்து 45,000-க்கு விற்றால் 15,000 நஷ்டம். அதை முதல் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. 2022 ஏப்ரலிலிருந்து இதுதான் சட்டம். மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சங்கிலியில் தொகை தெரியாது என்பதால் தேதி, அளவு, அன்றைய ரூபாய் மதிப்பு, பரிவர்த்தனை எண் நான்கையும் நீங்கள்தான் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.