சுருண்டதெல்லாம் அம்மோனைட் அல்ல: கேள்வி பதில்

பெரம்பலூர் மாவட்டக் காரை மேடுகளிலும் அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்க ஓரங்களிலும் கல் பார்த்து நடந்தே முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் அம்மோனைட், அதாவது ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன கணவாயின் உறவுக்காரன், பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: படத்தில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வையுங்கள், கல் கிடைத்த ஊரையும் எழுதுங்கள். இரண்டும் இல்லாத கேள்விக்கு 'தெரியாது' என்பதுதான் பதில்.

சார், காரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சுருள் கல் கிடைத்தது. அம்மோனைட்டா, நாட்டிலஸா, நத்தையா என்று எப்படிப் பிரிப்பது? (கல்லூரி மாணவி, துறையூர்)

முதலில் நத்தையை ஒதுக்கிவிடுவோம். கல்லை மேசைமேல் படுக்க வையுங்கள். நத்தையின் சுருள் ஒரு பக்கமாகக் கூம்பு போல ஏறும். அம்மோனைட் பெரும்பாலும் பாய் சுருட்டியது போல ஒரே தளத்தில் சுருளும்; திருப்பிப் போட்டாலும் அதே முகம்தான். இன்னொன்று, நத்தை ஓடு உள்ளே ஒரே குழாய். அம்மோனைட்டிலும், இன்றும் கடலில் வாழும் அதன் உறவான நாட்டிலஸிலும் குறுக்குச் சுவர்கள் எழும்பி அறை அறையாகப் பிரிந்திருக்கும். விலங்கு குடியிருந்தது வாசல் பக்கத்துக் கடைசி அறையில் மட்டும்.

அந்தக் குறுக்குச் சுவர் ஓட்டின் உள்பக்கத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். தையல் கோடு என்போம். அம்மோனைட் ஆராய்ச்சியில் பாதி இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. நாட்டிலஸில் அது மெல்லிய அலை போல வளைந்து போகும். அம்மோனைட்டின் பெருங்கூட்டமான அம்மோனாய்டுகளில் பழைய வகையான கோனியடைட்டில் ரம்பப் பல் போல மேலும் கீழும் ஏறி இறங்கும். டைனோசர் யுகத்தின் முதல் பகுதியான டிரையாசிக் கால செரடைட்டில் வாசலை நோக்கிய மேடுகள் உருண்டையாகவும் பின்னோக்கிய பள்ளங்கள் மட்டும் பற்களோடும் இருக்கும். அதற்குப் பின் வந்த ஜுராசிக், கிரிடேசியஸ் கால அம்மோனைட்டில் மேடு, பள்ளம் இரண்டுமே கொத்தமல்லி இலை விளிம்பு மாதிரிக் கிழிந்து கிழிந்து ஓடும். காரைக் கல் ஏறக்குறைய பத்துக் கோடி வருடப் பழசு, கிரிடேசியஸ். அதனால் நீங்கள் தேட வேண்டியது கொத்தமல்லியை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓடு ஒட்டிக்கொண்டிருந்தால் தையல் கோடு தெரியாது. ஓடு கரைந்து, உள்ளே நிரம்பிய மண் கல்லாகி, அந்த அச்சு வெளியே வந்தால்தான் தெரியும். குடியிருந்த அறையிலும் கோடு இருக்காது, ஏனென்றால் அங்கே சுவரே கிடையாது. உங்களுக்குக் கிடைத்தது அந்தத் துண்டு மட்டும் என்றால் கோடு இல்லை என்பதை வைத்து 'அம்மோனைட் இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

உடைந்த முகம் இருந்தால் சிஃபங்கிள் குழாயைத் தேடுங்கள். அறைச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும் மெல்லிய குழாய் அது. நாட்டிலஸில் சுவரின் நடுவாக்கில் போகும். அம்மோனைட்டில் சுருளின் வெளி ஓரத்தை, அதாவது வயிற்றுப் பக்கத்தை, ஒட்டிப் போகும். டெவோனியன் காலத்தில் கிளைமீனியா என்று ஒரு கூட்டம் மட்டும் இதைத் தலைகீழாக, உள் ஓரத்தில் வைத்திருந்தது. நம் ஊர்ப் பாறைகள் அதைவிட மிகப் பின்னால் வந்தவை, அந்தக் கவலை வேண்டாம்.

படம் இணைத்துள்ளேன். என்ன இனம் ஐயா?

நாணயம் எங்கே? ஊர் எங்கே?

அரியலூர் சிமென்ட் சுரங்கத்துப் பக்கம் கொக்கி போல வளைந்த கனமான ஓடுகள் குவியல் குவியலாக இருக்கின்றன. குட்டி அம்மோனைட்டுகளா?

இல்லை. கிரைஃபியா, சிப்பி வகை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அடுக்கடுக்காகக் கிடக்கும். அறை கிடையாது. ஓட்டைத் தட்டிப் பார்த்தால் பக்கம் பக்கமாகப் பெயரும், அதுவே அடையாளம்.

அண்ணே, விரல் நீளத்துக்குக் குச்சி மாதிரிக் கல். அம்மோனைட்டில் சுருளாத வகை உண்டு என்கிறார்களே, இது அதுவா? (பெரம்பலூர்)

உண்டு தம்பி. பாக்குலைட்டீஸ் என்பது நேராக நீளும் அம்மோனைட். டர்ரிலைட்டீஸ் நத்தையைப் போலக் கூம்பாகச் சுருளும். முதல் பதிலில் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் போட்டேனே, இவர்களுக்காகத்தான். ஆனால் ஊட்டத்தூர், காரைப் பக்கத்துக் குச்சி என்றால் பெலெம்னைட்டாகவும் இருக்கலாம். அது கணவாய் மீனின் உறவுக்காரன். நமக்குக் கிடைப்பது அதன் உடலுக்குள் இருந்த கெட்டியான முனை மட்டும்.

குறுக்கே உடைந்த இடத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து சக்கரக் கால் போலக் கோடுகள் வெளியே ஓடி, ஒரு முனை துப்பாக்கித் தோட்டா போலக் கூராக இருந்தால் பெலெம்னைட். பக்கவாட்டில் கொத்தமல்லிக் கோடு இருந்தால் பாக்குலைட்டீஸ்.

பழைய நூல் ஒன்றில் 'அம்மோனைட்டிஸ் இந்திரா' என்று பெயர் பார்த்தேன். இந்திரா காந்தி பெயரையா வைத்தார்கள்?

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அது தேவேந்திரன். பெயர் வைத்த வருடம் 1846.

புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை விவரித்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். அவர் இந்தியக் கடலுயிர்களுக்கு இந்தியத் தெய்வங்களின் பெயரையே வைத்துவிட்டார்: இந்திரா, பிரம்மா, சூரியா, வருணா. புத்தர் பெயரும் சுகதா என்று உள்ளே இருக்கிறது.

அந்தக் காலத்தில் சுருண்ட எல்லாவற்றுக்கும் 'அம்மோனைட்டிஸ்' என்ற ஒரே பேரினப் பெயர்தான். பிறகு தையல் கோடு, ஓட்டின் மேல் மேடாக ஓடும் விலா வரி, குறுக்குவெட்டு எல்லாம் பார்த்துப் பிரித்தபோது முதல் பெயர்கள் மாறின. இந்திரா இன்று சூடோஃபில்லைட்டீஸ் இந்திரா. சுகதா டமெசைட்டீஸ் சுகதா. பிரம்மாவுக்கு மட்டும் தனி மரியாதை: பேரினமே அவர் பெயரில் பிரம்மைட்டீஸ் ஆகிவிட்டது, முழுப்பெயர் பிரம்மைட்டீஸ் பிரம்மா. தென்னாப்பிரிக்காவில் ஒருவர் கிரிடேசியஸ் பாறையை உடைத்து 'இந்திரா' என்று குறித்துக்கொள்கிறார் என்றால் அதன் வேர் புதுச்சேரி மண்ணில் இருக்கிறது.

அதன்பின் 1860-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பிளான்ஃபோர்டு நாட்டிலஸ்களையும் பெலெம்னைட்டுகளையும், ஸ்டோலிச்கா அம்மோனைட்டுகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டோலிச்கா 1874-இல் மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். வயது 36. அவர் படங்களை இன்றும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் கல்லை ஒப்பிடுகிறோம்.

குன்னம் ஏரியில் 2020-இல் கிடைத்தது டைனோசர் முட்டைதான். நானே நேரில் பார்த்தேன். உங்களைப் போன்றவர்கள் மறைக்கிறீர்கள். (குன்னம்)

மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது ஐயா? படங்கள் பரவியதும் புவியியலாளர்கள் போய்ப் பார்த்தார்கள், அம்மோனைட்டைச் சார்ந்த படிவு உருண்டைகள் என்று சொன்னார்கள். காரணத்தையும் சொல்கிறேன். கடலடிச் சேற்றில் செத்த ஓடு புதையும். அது அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, சுண்ணாம்பு அந்த ஓட்டைச் சுற்றிப் படியும். கொழுக்கட்டைக்குள் பூரணம் போல ஓடு நடுவில் மாட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள களிமண் கரைந்தால் உருண்டைகள் மட்டும் மிஞ்சும். மொத்தமாகப் பார்த்தால் முட்டைக் கூடு போலத்தான் இருக்கும், உங்கள் கண்மேல் தப்பில்லை.

அரியலூரில் டைனோசரே இல்லை என்கிறீர்களா? 2009-இல் செந்துறைப் பக்கம் முட்டை கிடைத்ததாகப் பல்கலைக்கழகமே அறிவித்ததே? (அதே குன்னம்காரர்)

டைனோசர் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கல்லமேடு பாறையில் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. புருஹத்காயோசரஸ் என்று பெயரிட்ட டைனோசர் அங்கிருந்து வந்ததுதான். 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் அறிவித்ததும் உண்மை. ஆனால் கல்லமேடு கடல் பின்வாங்கிய பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய படிவு. டைனோசர் கடலடியில் முட்டையிடாது. ஒரு பாறையின் சாட்சியை இன்னொரு பாறைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஊரை எழுதுங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

நான் இடையில் வரலாமா? முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டுமே, உடைத்துப் பார்த்தால் தெரியாதா? (பள்ளி ஆசிரியர், ஜெயங்கொண்டம்)

வாருங்கள் ஆசிரியரே. டைனோசர் முட்டை ஓடு சில மில்லிமீட்டர் கனம்தான். வெளியே சிறு மணிகள் போல முண்டு இருக்கும், மூச்சுத் துளைகள் இருக்கும், மெல்லிய வெட்டை நுண்ணோக்கியில் வைத்தால் சுண்ணாம்புப் படிகங்கள் வரிசையாக நிற்கும். குஜராத்தின் பாலாசினோரிலும் நர்மதைக் கரையிலும் கிடைத்தவற்றில் இவை எல்லாம் தெரியும். படிவு உருண்டைக்கு அப்படித் தனி ஓடு கிடையாது. ஆனால் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லவில்லை. ஏற்கெனவே உடைந்து கிடப்பதைப் பாருங்கள், போதும்.

உடைத்தால் ஆதாரம் போய்விடும் என்று பயந்துதான் உடைக்கச் சொல்லவில்லை, அப்படித்தானே? (குன்னம்)

ஐயா, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நானும் குடித்துவிட்டு வருகிறேன்.

படம் அனுப்பியுள்ளேன், அம்மோனைட்டா?

நாணயம்.

மேலே மண் ஒட்டியிருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டவே வேண்டாம். நம் பக்கத்துப் புதைபடிவங்களில் பெரும்பாலானவை சுண்ணாம்பு. கழிவறை ஆசிட் மண்ணையும் தின்னும், தையல் கோட்டையும் தின்னும். வினிகரும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். தண்ணீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், பொறுமை. அவ்வளவுதான்.

தாத்தா பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமமும் அம்மோனைட் என்கிறார்களே? அறுத்துப் பார்க்கலாமா? (ஸ்ரீரங்கம்)

பலவற்றில் உள்ளே அம்மோனைட் உண்டு. நேபாளத்தில் முக்திநாத் பக்கம் ஓடும் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருப்பு உருண்டைகள் அவை. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே டெத்திஸ் கடல் இருந்தது. அதன் ஜுராசிக் காலச் சேறு கல்லானது. வாய்க்குள் தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் சுருளும் விலா வரியும்தான். அறுக்க வேண்டாம். தாத்தா கும்பிட்டதும் அதைத்தான், நான் படிப்பதும் அதைத்தான். இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மடகாஸ்கர் அம்மோனைட் என்று இணையத்தில் பளபளப்பாக விற்கிறார்கள். நிஜமா?

கிளியோனிசெராஸ் என்ற அம்மோனைட் வகை என்றால் பெரும்பாலும் நிஜம், மெருகேற்றியது. ஆனால் கிடைத்த இடம் எழுதாமல் வரும் கல் படிப்புக்கு உதவாது, அலமாரிக்கு உதவும்.

காரை அம்மோனைட் எவ்வளவுக்குப் போகும்?

இந்தக் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது.

சார், கொத்தமல்லிக் கோடு கிடைத்துவிட்டது! இனம் வரை போக என்னென்ன அளக்க வேண்டும்? (துறையூர் மாணவி)

வாம்மா, நீதான் என் பொழுதைக் காப்பாற்றினாய். நான்கு அளவு எடு: முழு விட்டம், நடுக் குழியின் அகலம், கடைசிச் சுற்றின் உயரம், அதே சுற்றின் பருமன். குழி அகலத்தை விட்டத்தால் வகு. எண் சிறியதென்றால் வெளிச் சுற்று உள்சுற்றுகளை மூடிக்கொண்டிருக்கிறது, பெரியதென்றால் கயிறு சுருட்டி வைத்தது போல எல்லாச் சுற்றும் தெரியும். அப்புறம் வயிற்றுப் பக்கத்தைத் தடவிப் பார்: வட்டமா, தட்டையா, நடுவில் முகடு ஓடுகிறதா? விலா வரிகள் ஒற்றையா, கிளை பிரிகின்றனவா, மேலே முண்டு உண்டா? அக்காந்தோசெராஸ் என்ற அம்மோனைட் கூட்டத்துக்கு முண்டு வரிசை முக்கியம். பூசோசியா என்ற பேரினத்துக்குச் சுற்றில் இடைவிட்டு விழும் இறுக்கங்கள்.

ஒரே அடுக்கில் சின்னதும் பெரியதுமாக இரண்டு கிடைத்தால் உடனே இரண்டு இனம் என்று எழுதாதே. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமாக இருக்கலாம். பெரியது பெண் என்பதுதான் பொதுவான கருத்து. பழைய நூல்களில் இப்படி ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர் வைத்த கதை நிறைய உண்டு. சந்தேகமாக இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. நேரம் இருந்தால் வாரணவாசியில் உள்ள அரியலூர்ப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் கல்லோடு போய் வா.

ஏரிக்கரையில் முன்பே உடைந்து கிடந்த ஒன்றைப் படம் எடுத்தேன். உள்ளே ஏதோ வரி வரியாக வளைந்து போகிறது. நாணயமும் வைத்திருக்கிறேன். இப்போது என்ன சொல்கிறீர்கள்? (குன்னம்)

ஐயா, அந்த வரிகள் அம்மோனைட்டின் விலா. வலது ஓரத்தில் சுருளின் கால்வாசி தெளிவாகத் தெரிகிறது. நாணயத்துக்கு நன்றி, இன்று நாணயம் வைத்த மூன்றாவது ஆள் நீங்கள். எந்தக் கரை, எவ்வளவு ஆழம் என்று மட்டும் எழுதவில்லை.