‘டூ த நீட்ஃபுல்’ தப்பா?

வணக்கம் ஐயா,

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலம் முழுக்க ஆங்கிலக் கடிதங்களை ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ (தயவுசெய்து வேண்டியதைச் செய்யுங்கள்) என்றுதான் முடித்தேன். மகனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் இப்போது சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அவனுடைய மெயிலில் அந்த வரியைப் பார்த்த அமெரிக்க மேலாளர், ‘இது என்ன, உங்கள் ஊரில் கண்டுபிடித்த ஆங்கிலமா?’ என்று கேட்டாராம். ‘நீ சொல்லிக்கொடுத்ததே தப்பும்மா’ என்கிறான். உண்மையிலேயே தப்பா? நீட்ஃபுல், நெசசரி இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

தப்பில்லை. மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நாம் கண்டுபிடித்ததும் இல்லை. இங்கிலாந்துக்காரர்களே வியாபாரக் கடிதங்களிலும் வக்கீல் கடிதங்களிலும் எழுதிக்கொண்டிருந்த வரி அது. அவர்களுடைய ஆட்சியோடும் அலுவலகங்களோடும் சேர்ந்து இங்கே வந்தது. அப்புறம் அவர்கள் அதை விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை.

அந்த மேலாளர் அமெரிக்கர் என்பதால் இன்னொன்றும் சொல்லலாம். 1787இல் எழுதப்பட்ட அவர் நாட்டு அரசியல் சட்டத்திலேயே நீட்ஃபுல் இருக்கிறது. காங்கிரஸின், அதாவது அவர்கள் நாடாளுமன்றத்தின், அதிகாரங்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் கோட்டைகள், ஆயுதக் கிடங்குகள், கப்பல் தளங்கள் என்று அடுக்கிவிட்டு, ‘மற்ற நீட்ஃபுல் கட்டடங்கள்’ என்று முடிக்கிறார்கள். கூட்டாட்சிக்குச் சொந்தமான நிலங்களுக்கு ‘நீட்ஃபுல் விதிகள்’ வகுக்கலாம் என்று வேறோர் இடத்தில் வருகிறது. கட்டடங்களைப் பற்றிய அந்த வரிக்கு அடுத்த வரியில் வருவது எது தெரியுமா? நெசசரி. தன் அதிகாரங்களைச் செயல்படுத்த ‘நெசசரி அண்ட் ப்ராப்பர்’, அதாவது தேவையான, தகுந்த சட்டங்களைக் காங்கிரஸ் இயற்றலாம் என்று அந்நாட்டுச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் புகழ்பெற்ற வரி.

நீங்கள் கேட்ட வித்தியாசத்துக்கு இங்கிருந்தே வரலாம். அந்த நெசசரியை வைத்து 1819இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெரிய வழக்கு நடந்தது. மத்திய அரசு ஒரு வங்கியை உருவாக்கியிருந்தது. மேரிலாந்து மாநிலம் அதன்மேல் வரி போட்டது. வங்கி தொடங்கும் அதிகாரமே மத்திய அரசுக்கு இல்லை என்றும் வாதாடியது. நெசசரி என்றால் அது இல்லாமல் காரியமே நடக்காது என்று பொருள், வங்கி அப்படிப்பட்டதா என்பது அவர்கள் கேள்வி. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதை ஏற்கவில்லை. வசதியானது, பயன்படக்கூடியது என்ற அளவிலும் அந்தச் சொல் வழங்குகிறது என்றார். அதே சட்டத்தில் இன்னோர் இடத்தில் ‘அப்ஸல்யூட்லி நெசசரி’ (முற்றிலும் தேவையான) என்று எழுதியிருப்பதை எடுத்துக்காட்டி, வெறும் நெசசரிக்கு அவ்வளவு கண்டிப்பு கிடையாது என்றார்.

அகராதியில் இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் நெசசரிக்கு ஒரு விறைப்பு உண்டு. லத்தீனிலிருந்து வந்த சொல், தர்க்கத்திலும் கணிதத்திலும் ‘இப்படித்தான் இருந்தாக வேண்டும்’ என்பதற்கு அதைத்தான் போடுவார்கள். நீட்ஃபுல் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. இந்த நேரத்துக்கு, இந்தக் காரியத்துக்கு வேண்டியது எதுவோ அது. விவிலியத்தின் 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில், லூக்கா சுவிசேஷத்தில், மார்த்தாள் பல வேலைகளில் அல்லாட மரியாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இயேசு சொல்வது ‘ஒன் திங் இஸ் நீட்ஃபுல்’. தமிழ் விவிலியத்தில் ‘தேவையானது ஒன்றே’. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அந்த இடத்தில் ‘நீடட்’ வந்துவிட்டது. நீட்ஃபுல் அப்படித்தான் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் உடன்பிறப்பான நீட்லெஸ் சௌக்கியமாக இருக்கிறது. ‘நீட்லெஸ் டு சே’ (சொல்லத் தேவையில்லை) என்று சொல்லாத ஆங்கிலேயர் உண்டா?

இன்னொரு பொருளும் சொல்லிவிடுகிறேன். பேச்சு வழக்கில் ‘த நீட்ஃபுல்’ என்றால் காசு. நம் ஊரில் ‘வேண்டியதைச் செஞ்சுடறேன் சார்’ என்று ஒருவர் கவுன்ட்டரில் குனிந்து சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, தப்பில்லாத வரியைப் பார்த்து அந்த மேலாளர் ஏன் குழம்பினார்? இங்கே நான் கொஞ்சம் அவர் பக்கம்.

உங்கள் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு விண்ணப்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் விதிப்படி முன்பே தீர்மானமானவை. எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். அங்கே ‘டூ த நீட்ஃபுல்’ என்றால் அந்த நடைமுறையைச் செய்யுங்கள் என்று பொருள். போதுமான அளவு தெளிவான வரிதான். அதோடு அதில் ஒரு மரியாதையும் இருந்தது. கீழே இருப்பவர் மேலதிகாரிக்கு ‘இதைச் செய்’ என்று எழுத முடியாது. எது தேவை என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டு, தேவையானதைச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்கலாம். நம் மனுக்களில் வரும் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ அச்சு அசலாக இதே வேலையைத்தான் செய்கிறது.

உங்கள் மகனின் மெயிலைப் படிப்பவருக்கு அந்த விதிப்புத்தகமும் இல்லை, அந்த மேல் கீழும் அவ்வளவாக இல்லை. சர்வர் நின்றுபோய், ‘டூ த நீட்ஃபுல்’ என்று மெயில் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும், ரீஸ்டார்ட் செய்வதா, வேறு யாருக்காவது அனுப்புவதா என்றுதான் அவர் கேட்பார். நியாயமான கேள்விதானே?

சொல்லப்போனால் ‘ஆவன செய்க’ மேல் எனக்கும் ஒரு கோபம் உண்டு. மனுவில் அந்த வரி மட்டும் இருந்தால், வாங்குகிறவர் ‘தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடலாம். அந்த மேசையும் அப்படியே செய்யலாம். கோப்பு ஊர் சுற்றும், காரியம் நடக்காது. ‘இன்ன சர்வே எண்ணில் உள்ள நிலத்துக்குப் பட்டாவை என் பெயருக்கு மாற்றித் தருமாறு’ என்று எழுதினால் அப்படித் தள்ளுவது கொஞ்சம் கடினம். ஆவன என்ற சொல்லை அதன் பிறகு மரியாதைக்காகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே நீங்கள் எழுதியது உங்கள் இடத்துக்குச் சரி. மகன் நீட்ஃபுல்லை எடுத்துவிட்டு நெசசரியைப் போடுவதால் மட்டும் எதுவும் மாறாது. ‘டேக் நெசசரி ஆக்‌ஷன்’ என்பதும் அதே குழப்பம்தான். என்ன வேண்டும், யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்று இரண்டு வரி எழுதட்டும். அந்த மேலாளர் மறுபடி கிண்டல் செய்தால், அவர் நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் கூறு, எட்டாம் பிரிவைப் பார்க்கச் சொல்லட்டும். கட்டடங்களைப் பற்றிய வரி.