ஆடுகளம்: வாசகர் கேள்வி பதில் (அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்து)

அமெரிக்கத் தேசிய அணியிலும் தொழில்முறை லீக்கிலும் ஆடியவர்கள் கல்லூரிப் பெண்கள் அணிக்குக் கோச்சாகப் போகிறார்களே, ஏன்? (கோவை வாசகர்)

மாதச் சம்பளம் அங்கேதான் நிலையாகக் கிடைத்தது. அந்நாட்டின் முதல் தொழில்முறைப் பெண்கள் லீக் 2001-ல் தொடங்கி 2003-லேயே மூடப்பட்டது. இரண்டாவது லீக் 2009 முதல் 2011 வரை மூன்று சீசன் தாக்குப்பிடித்தது. இன்று நடக்கும் லீக் 2013-ல் வந்தபோது குறைந்தபட்சச் சம்பளம் சீசனுக்கு 6,000 டாலர். அதில் வீட்டு வாடகைகூடக் கட்ட முடியாது.

கல்லூரிகளின் நிலைமை வேறு. கல்வியில் பால் பாகுபாடு கூடாது என்ற 1972-ம் ஆண்டுச் சட்டம் விளையாட்டையும் தொட்டது. ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஈடாகப் பெண்களுக்கும் இடங்கள் காட்டவேண்டிய கட்டாயத்தில், ஒரே அணியில் 25, 30 பேரைச் சேர்க்க முடிகிற கால்பந்து பல பல்கலைக்கழகங்களுக்கு வசதியாகப் போனது. கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.-யின் பெண்கள் சாம்பியன்ஷிப் 1982-ல் தொடங்கியது.

1991 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கிய கேரின் ஜென்னிங்ஸ் கபாரா, 1993-ல் அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் பெண்கள் அணியைப் பொறுப்பேற்று முப்பது ஆண்டுகளுக்குமேல் நடத்தினார். அதே உலகக் கோப்பை அணியின் கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், மேரிலாந்து, வர்ஜீனியா பல்கலைகளில் பயிற்சி கொடுத்துவிட்டு 2000-ல் தேசிய அணிக்கே தலைமைக் கோச் ஆனார். 1996 ஒலிம்பிக் தங்கம் வென்ற டிஃபனி ராபர்ட்ஸ் சஹைடாக், முதல் லீக் மூடியபின் கோச்சிங்குக்கு வந்தவர். கணவருடன் சேர்ந்து வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலை அணியை நடத்திவிட்டு 2013-ல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலை அணிக்குப் போனார்.

இந்த வரிசையில் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர் யார்? (திருநெல்வேலி வாசகி)

கிளைவ் சார்லஸ். லண்டன்காரர், டிஃபெண்டர். வெஸ்ட் ஹாம், கார்டிஃப் சிட்டி கிளப்புகளில் ஆடிவிட்டு 1978-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் டிம்பர்ஸ் கிளப்புக்கு வந்தார். 1986-ல் போர்ட்லாண்ட் பல்கலைக்கழக ஆண்கள் அணிக்குக் கோச். 1989-ல் பெண்கள் அணியும் அவர் கைக்கு வந்தது. இரண்டையும் ஒரே சீசனில் ஓட்டினார். இரண்டு அணிகளுக்கும் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரே காலம் என்பதை நினைத்தால்தான் இதன் கனம் புரியும்.

டிஃபனி மில்பிரெட், ஷானன் மெக்மில்லன் இருவரும் அவரிடம் ஆடிவிட்டுத் தேசிய அணிக்குப் போனவர்கள். 1995 என்.சி.ஏ.ஏ. இறுதியாட்டத்தில் நோட்டர் டேம் பல்கலையிடம் கூடுதல் நேரத்தில் 0-1 என்று தோற்றது போர்ட்லாண்ட். கோப்பை கிடைத்தது 2002-ல். சான்டா கிளாரா பல்கலைக்கு எதிராக 2-1. இரண்டு கோலும் கிறிஸ்டின் சின்க்ளேர் அடித்தவை, இரண்டாவது கூடுதல் நேரத்தில். அப்போதே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த சார்லஸ், 2003 ஆகஸ்டில் 51 வயதில் இறந்தார்.

நாங்கள் அவரை மதிப்பது கோப்பைக்காக மட்டுமல்ல. அவருக்குப்பின் பெண்கள் அணியை எடுத்தவர் அவருடைய உதவிக் கோச் கேரட் ஸ்மித். 2005-ல் மீண்டும் சாம்பியன். ஆண்கள் அணியை எடுத்தவர் கார்டிஃபில் அவரோடு ஆடிய கோல்கீப்பர் பில் இர்வின். 2018-ல் பெண்கள் அணிக்குத் தலைமைக் கோச்சாக வந்த மிஷல் ஃப்ரெஞ்ச், சார்லஸிடம் ஆடிய டிஃபெண்டர். 2000 ஒலிம்பிக் வெள்ளி வென்ற அணியில் இருந்தவர். தன் இடத்துக்கு ஆள் தயார்செய்துவிட்டுப் போகிற கோச்சுகள் குறைவு.

நன்றாக ஆடியவர் கோச்சானதும் முதலில் எங்கே தடுமாறுகிறார்? (சேலம் வாசகர்)

வியூகத்தில் இல்லை, கணக்கில். முதல் கணக்கு உதவித்தொகை. 2024-25 வரை முதல் டிவிஷன் பெண்கள் அணிக்கு 14 முழு உதவித்தொகைதான் அனுமதி. அதைத் துண்டுபோட்டுக் கொடுக்கலாம். 4 பேருக்கு முழுசாக (4), 8 பேருக்கு 60 சதவீதம் (4.8), 10 பேருக்கு 40 சதவீதம் (4), 4 பேருக்கு 30 சதவீதம் (1.2) கொடுத்தால் 26 பேரோடு 14 தீர்ந்தது. புதிய கோச் வழக்கமாகச் செய்கிற தவறு, வந்த முதல் வருடமே ஸ்ட்ரைக்கர்களுக்கு முழுத்தொகை அள்ளிக் கொடுத்துவிடுவது. அடுத்த இரண்டு வருடமும் கோல்கீப்பருக்கும் சென்டர் பேக்குக்கும் கொடுக்கக் கையில் ஒன்றுமிருக்காது. ஒப்பந்தக் காலத்துக்குள், காயம்பட்டார், சரியாக ஆடவில்லை என்று தொகையைக் குறைக்கவும் முடியாது. 2025-26 முதல், விளையாட்டு வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கும் பங்கு தரும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைகளுக்கு இந்த 14 என்ற வரம்பு போய், அணியில் 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இப்போது தலைவலி பணம் பிரிப்பதைவிட ஆளைக் கழிப்பதில்.

இரண்டாவது கணக்கு நேரம். சீசனில் பயிற்சியும் மேட்ச்சும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளுக்கு 4 மணி நேரம்தான் அனுமதி, வாரம் ஒரு நாள் கட்டாய விடுப்பு. மேட்ச் எவ்வளவு நேரம் நடந்தாலும் 3 மணி நேரமாகக் கணக்கு. வியாழன், ஞாயிறு என இரண்டு மேட்ச் இருந்தால் 6 போய் மீதி 14. ஜிம், வீடியோ, களப்பயிற்சி எல்லாம் அதற்குள். கிளப்பில் வாரம் ஒரு மேட்ச் ஆடிப் பழகியவர் வெள்ளிக்கிழமையும் முழுப் பயிற்சி வைத்துவிடுவார். ஞாயிறு இரண்டாம் பாதியில் கால்கள் நின்றுவிடும். வியாழன் 45 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு வெள்ளியன்று மெல்லோட்டமும் தளர்த்தலும் போதும். பெஞ்சில் இருந்தவர்களுக்குத்தான் அன்று நாலுக்கு நாலு சின்னக் களத்தில் வேகமான ஆட்டம் வேண்டும். சனிக்கிழமை கார்னர், ஃப்ரீகிக்கோடு நிறுத்தலாம்.

எங்கள் பள்ளி அணியில் முழங்கால் ஜவ்வு கிழிவது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் எப்படித் தடுக்கிறார்கள்? (திண்டுக்கல், உடற்கல்வி ஆசிரியை)

ஏ.சி.எல். எனும் முழங்காலின் முன் ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே, குதித்து இறங்கும்போதோ திடீரெனத் திரும்பும்போதோ முழங்கால் உள்பக்கம் சாய்ந்து கிழியும். இதைக் குறைக்க நிரூபணமான வழிகளில் ஒன்று ஃபிஃபாவின் '11 பிளஸ்' வார்ம்-அப். செலவில்லை, பந்தும் கூம்புகளும் போதும்.

15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெல்லோட்டமும் அசைவுகளும். நடு 10 நிமிடம்தான் உயிர்: முழங்கை ஊன்றிய பிளாங்க் 20 முதல் 30 விநாடி மூன்று முறை, பக்கவாட்டிலும் அதேபோல் இருபுறமும், ஒற்றைக்காலில் நிற்பது ஒவ்வொரு காலுக்கும் 30 விநாடி இரண்டு முறை, ஸ்குவாட், குதித்து இறங்குதல். கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் திரும்பலும்.

பின்தொடைக்கான பயிற்சியில் மண்டியிட்டு நிற்பவரின் கணுக்காலை இன்னொருவர் அழுத்திப் பிடிக்க, இவர் உடம்பை நேராக வைத்தபடி முன்னால் மெதுவாகச் சாய்வார். தொடக்கத்தில் 3 முதல் 5 முறை மட்டும். முதல் நாளே 12, 15 செய்யவைத்தால் மறுநாள் பிள்ளைகளுக்குப் படியிறங்க முடியாது. அதோடு இந்தப் பயிற்சியையே வெறுத்துவிடுவார்கள்.

குதித்து இறங்கும்போது நேர் எதிரே நின்று பாருங்கள். முழங்கால் சிப்பி, கால்விரல்களுக்கு நேராக இருக்கவேண்டும். உள்ளே ஒட்டினால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். வாரம் இரண்டு முறையாவது செய்யாவிட்டால் பலனில்லை. மேட்ச் நாளில் முதல், மூன்றாம் பகுதி மட்டும். கேப்டனிடம் விட்டுவிட்டு நகர்ந்தால் நடுப்பகுதிதான் முதலில் காணாமல் போகும்.

கல்லூரி ஆட்டத்தின் விதிகள் வேறா? (நாகர்கோவில் வாசகர்)

சில வேறு. கடிகாரம் 45-லிருந்து கீழே இறங்கும். பூஜ்யம் வந்ததும் ஹாரன், சேர்ப்பு நேரம் கிடையாது. எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். முதல் பாதியில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்பலாம். 2022 முதல் லீக் ஆட்டங்களில் கூடுதல் நேரமும் இல்லை, டிரா டிராதான்.

அங்கே கோச்சாக லைசென்ஸ் கட்டாயமா? (புதுச்சேரி வாசகி)

சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் வேலை விளம்பரங்கள் இளங்கலைப் பட்டத்தைக் கேட்கும், லைசென்ஸ் இருந்தால் முன்னுரிமை என்னும். வழக்கமான பாதை, முதுகலை படித்துக்கொண்டே உதவியாளர், பிறகு உதவிக் கோச், அப்புறம் தலைமைக் கோச். பெரிய பெயர் இருந்தாலும் உதவிக் கோச்சாக மூன்று நான்கு வருடம் இருப்பது நல்லது. மாணவிகளைத் தேடிப் பிடிக்கும் வேலையை அங்கேதான் கற்க முடியும். உயர்நிலைப் பள்ளியின் இரண்டாமாண்டு (பத்தாம் வகுப்பு) முடிந்த ஜூன் 15-க்கு முன் ஒரு மாணவிக்கு ஆள்சேர்ப்புக்காக போன் செய்தாலே விதிமீறல்.