லேபிளை மறைத்து ஒயின் ருசிப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எட்டு நண்பர்கள் சேர்ந்து பிளைண்ட் டேஸ்ட்டிங் வைக்கப்போகிறோம். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லலாமா?

எட்டு பாட்டில் வேண்டாம். பழக்கமில்லாதவர்களுக்கு நான்கைந்து கோப்பைக்கு மேல் மூக்கும் நாக்கும் களைத்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 750 மில்லி பாட்டிலில் ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் பதினைந்து பேருக்கு வரும். அதனால் உங்களுக்குத் தாராளமாகவே மிஞ்சும். மிஞ்சியதை விடை தெரிந்த பிறகு சாப்பாட்டோடு நிதானமாகக் குடிக்கலாம்.

இன்னொன்று, அவரவர் இஷ்டத்துக்கு வாங்கிவந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது, ஒப்பிடவும் முடியாது. ஏதாவது ஒரு கட்டுப்பாடு வையுங்கள். உதாரணமாக, எல்லாமே சொவிஞ்ஞோன் பிளாங்க் திராட்சை. பிரான்சின் சான்சேர் ஒன்று, நியூசிலாந்தின் மார்ல்பரோ ஒன்று என்று அருகருகே வைத்தாலே, ஒரே திராட்சை ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்பது முதல்முறை ருசிப்பவருக்கும் புரிந்துவிடும்.

பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றினால் போதாதா?

போதாது. பாட்டிலின் உருவமே பாதி விடையைச் சொல்லிவிடும். தோள் உயர்ந்து நின்றால் பிரான்சின் போர்தோ வட்டாரப் பாணி, தோள் சரிந்து இறங்கினால் பர்கண்டி வட்டாரப் பாணி, ஒல்லியாக உயரமாக இருந்தால் பெரும்பாலும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். கழுத்தில் சுற்றியிருக்கும் தகடு, கார்க்கில் அச்சடித்த பெயர், திருகு மூடி என்று காட்டிக்கொடுக்கும் விஷயங்கள் நிறைய உண்டு.

ஒரே மாதிரியான கண்ணாடிக் குடுவைகள் இருந்தால், ருசிக்காத ஒருவர் வேறு அறையில் ஒயினை அவற்றில் ஊற்றி எண் போட்டுவிடுவதுதான் நல்ல வழி. குடுவை இல்லையா? தகட்டை முழுதாக உரித்து, கார்க்கை ஒளித்துவைத்து, பாட்டிலைக் கழுத்துவரை காகிதப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். வீட்டுக்காரரும் ஆட்டத்தில் சேர விரும்பினால் வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒருவர் பையில் போட்டுக் கட்டட்டும். அவர் வெளியே போன பிறகு இன்னொருவர் வரிசையைக் கலைத்து எண் எழுதட்டும். அப்போது எந்த எண் எந்த ஒயின் என்பது இருவருக்குமே தெரியாது.

கண்ணையும் கட்டிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். நிறத்தைப் பார்ப்பதும் ருசிப்பதில் சேர்த்திதான். ஆனால் நிறம் நம்மை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களை வைத்து நடத்திய ஒரு சோதனை 2001-இல் வெளியானது. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளிலேயே வர்ணித்தார்கள். கறுப்புக் கோப்பைகள் கிடைத்தால் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுற்றில் சிவப்பையும் வெள்ளையையும் ஒரே குளிர்ச்சியில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் குளிர்ச்சியே விடையைச் சொல்லிவிடும்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு ஒயின் பற்றி நிறையத் தெரியும். அவர் வாயைத் திறந்ததும் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுவேன், ஏனென்றால் லேபிளை மறைப்பதைவிட இது முக்கியம். பாட்டிலை மறைத்துவிட்டு ஒருவர் கருத்தை எல்லார் காதிலும் போட்டால், அவரே லேபிள் ஆகிவிடுகிறார்.

ஒவ்வொரு கோப்பைக்கும் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ‘ம்ம்’ என்று தலையாட்டுவதும் கூடாது. ஆளுக்கொரு தாளில் பிடித்ததா, ஏன், பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். எல்லாக் கோப்பையும் முடிந்து மதிப்பெண்களைக் கூட்டிய பிறகுதான் பேச்சு. அதிலும் அனுபவம் குறைந்தவர் முதலில், உங்கள் நிபுணர் கடைசியில். விவரம் தெரிந்த நண்பர் இதற்குச் சம்மதிப்பார். 1976-இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்திய டேஸ்ட்டிங் அவருக்கும் தெரிந்திருக்குமே. மதிப்பெண் கணக்கில் வந்த ஒன்பது நடுவர்களும் பிரெஞ்சுக்காரர்கள். பெயர் தெரியாமல் ருசித்தபோது வெள்ளையிலும் சிவப்பிலும் அவர்கள் முதலிடம் கொடுத்தது சொந்த நாட்டு ஒயின்களுக்கு அல்ல, கலிபோர்னிய ஒயின்களுக்கு.

செர்ரி, தோல், புகையிலை என்று ஏதேதோ சொல்கிறார்கள். எனக்கு எல்லாமே ஒயின் வாசமாகத்தான் இருக்கிறது.

பரவாயில்லை, பழங்களின் பெயரைத் தேடாதீர்கள். முதலில் வாயைக் கவனியுங்கள். விழுங்கியதும் நாக்கோரம் எச்சில் ஊறினால் புளிப்பு தூக்கல். கடுங்காப்பி குடித்தது போல ஈறு உலர்ந்து இழுத்தால் துவர்ப்பு தூக்கல். தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால் அதிகம். இந்த மூன்றையும் எழுதினாலே உங்கள் தாள் உருப்படியானது.

வீட்டிலேயே ஒரு பயிற்சி உண்டு. மூன்று கோப்பையில் இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்க எளிது, செய்து பாருங்கள்! சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், நாலைந்து முறை திருப்பிச் செய்ய வேண்டும். வாசனையில் நம்பிக்கை வர கெவுர்ட்ஸ்டிராமினர் என்ற வெள்ளை ஒயின் ஒன்றை வாங்கிப் பாருங்கள். ரோஜாவும் லிச்சியும் அதில் தெளிவாக வரும்.

எதை முதலில் ஊற்றுவது?

லேசானதிலிருந்து கனமானதற்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு. ஊற்றும்போது குளிர்ச்சி வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி. சென்ட் பூசிக்கொண்டு வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போன தடவை ஒரு கோப்பை நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாறியது. ஒயினே அப்படியா?

இல்லை, அது அனேகமாக கார்க்கினால் வந்த கெடுதல். டிசிஏ என்ற வேதிப்பொருள் துளி இருந்தாலே பழ வாசனையை அமுக்கிவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்த பாட்டிலுக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. ஊற்றுபவர் திறந்ததும் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கட்டும். மாற்று பாட்டில் ஒன்று கையில் இருப்பது நல்லது.

துப்புவது அநாகரிகம் இல்லையா? அப்புறம், குடிக்காத நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரையும் கூப்பிடலாமா?

ஒயின் நிபுணர்களுக்கான மாஸ்டர் ஆஃப் ஒயின் தேர்வில் மூன்று தாள்களில் மொத்தம் 36 ஒயின்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே துப்பாமல் யாரும் தாக்குப்பிடிக்க முடியாது. உள்ளே தெரியாத உயரமான குவளை ஒன்றை ஆளுக்கொன்று வையுங்கள், கூச்சம் போய்விடும். வண்டி ஓட்டப்போகிறவர் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அவருக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

குடிக்காத நண்பரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். குடுவையில் ஊற்றி எண் போட, நேரம் பார்க்க, தாள்களை வாங்கிக் கூட்ட, பேச்சைக் கட்டுப்படுத்த ஒருவர் வேண்டும். விடைகள் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கடைசிவரை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.