பழைய பாட்டைத்தான் கேட்கிறார்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்குக் கிருஷ்ணகிரி. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பேண்டு நடத்தினோம். கிடார், கீபோர்டு, பம்பை என்று எல்லாம் உண்டு, பாட்டுகளும் எங்கள் சொந்தப் பாட்டுகள்தான். விடியற்காலையில் ஓசூர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய எங்கள் 'பஸ் பாட்டு' இந்தப் பக்கம் நன்றாக ஓடியது. வரி என்னுடையது, மெட்டு பம்பை வாசித்த நண்பனுடையது. பணத் தகராறில் குழு கலைந்துவிட்டது. இப்போது தனியாகப் பாடுகிறேன், புதுப் பாட்டுகள் எழுதியிருக்கிறேன். ஆனால் மேடை ஏறிய கொஞ்ச நேரத்திலேயே "பஸ் பாட்டைப் போடு" என்று கத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு திருவிழாவில் பாட மாட்டேன் என்றேன், பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. பாடினாலோ, அதற்கப்புறம் புதுப் பாட்டை யாரும் காதில் வாங்குவதில்லை. இதற்கிடையில் "என் மெட்டைப் பாடக் கூடாது" என்று நண்பன் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறான். நான் என்ன செய்வது? ஒரு மேடை வீடியோவும் இரண்டு புதுப் பாட்டுகளும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பஸ் பாட்டைப் பாடுங்கள். ஆனால் வீடியோவில் பாடியிருப்பது போலப் பாடாதீர்கள்.

அந்த வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நண்பர் இல்லாததால் அவருடைய பம்பையை லேப்டாப்பில் ஓட விடுகிறீர்கள். கண்டக்டர் ஊர் பெயர்களைக் கூவும் இடம் வருகிறது. குருபரப்பள்ளி, சூளகிரி என்று உங்களுக்கு முன்னால் கூட்டமே பாடுகிறது. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மா 'சூளகிரீ...' என்று கையை நீட்டி இழுக்கிறார், அவரோடு பத்துப் பேர் சேர்ந்துகொள்கிறார்கள். நீங்களும் நிற்கப் பார்க்கிறீர்கள். லேப்டாப் நிற்கவில்லை. பம்பை அடுத்த அடிக்குப் போய்விட்டது, நீங்கள் அதைத் துரத்திப் பிடிக்கிறீர்கள், அந்த அம்மா பாதியில் வாயை மூடிக்கொள்கிறார். நண்பர் நேரில் இருந்திருந்தால் அவர் இழுத்து முடிக்கும்வரை காத்திருந்து, முடித்ததும் ஓர் அடி போட்டிருப்பார்.

பிரச்சினையின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். இல்லாத நாலு பேரை மேடையில் இருப்பது போலக் காட்டப் பார்க்கிறீர்கள். டிராக்கை நிறுத்துங்கள். கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு, சுருதியை அரைக் கட்டை இறக்கி, ஒரே ஆளாகப் பாடுங்கள். பழைய வேகம் வராது, வர வேண்டாம். கூட்டம் இழுத்தால் நீங்களும் இழுக்கலாம். உங்கள் தனிக்குரல் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்த பாட்டிலேயே பழக்கிவிட்டால், அதே குரலில் தெரியாத பாட்டையும் உட்கார்ந்து கேட்பார்கள்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பாட்டுக் குழு பீட்டில்ஸ் 1970இல் பிரிந்தது. அதில் இருந்த பால் மெக்கார்ட்னி 1972இல் விங்ஸ் என்ற புதுக் குழுவோடு வேன் ஏறி இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் பாடப் போனபோது, பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூடப் பாடவில்லை. 1975-76 சுற்றுப்பயணத்தில் ஐந்தைச் சேர்த்துக்கொண்டார். 1989இல் மறுபடி கிளம்பியபோது ஏறக்குறையப் பாதி நிகழ்ச்சி பழைய பாட்டுகள்தான். அந்த ஆரம்ப மறுப்பு அவருக்குத் தேவைப்பட்டது, புதுக் குழு தன் காலில் நிற்க வேண்டியிருந்தது. அவருக்கு அந்த வசதியும் இருந்தது. கோயில் கமிட்டி கொடுக்கும் முன்பணத்தை நம்பியிருக்கும் உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. பீட்டில்ஸில் அவரோடு இருந்த ஜார்ஜ் ஹாரிசன் 2001இல் இறந்த பிறகு, அவருடைய பாட்டு ஒன்றை மெக்கார்ட்னி நாலு நரம்புள்ள சின்ன யுகலேலேயில் வாசித்துப் பாட ஆரம்பித்தார். ஹாரிசனுக்குப் பிரியமான வாத்தியம் அது. நண்பர் இல்லாததை மறைக்காமல் எல்லோருக்கும் தெரியப் பாடினார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்.

அப்புறம், பாட்டை எங்கே வைப்பது என்பது. கடைசியில் வைத்தால் அதுவரை கத்திக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவதாகப் பாடிவிடுங்கள். முடிந்ததும் கிடாரை நிறுத்தாமல், அதே சுருதியில் புதுப் பாட்டுக்குள் போய்விடுங்கள். நிறுத்தினால் அந்த இடைவெளியில் மைக் கமிட்டிக்காரர் கைக்குப் போய்விடும். நன்கொடையாளர் பட்டியல், பொன்னாடை எல்லாம் முடிவதற்குள் கூட்டம் டீக்கடைக்குப் போயிருக்கும். இதை முன்கூட்டியே அவர்களிடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பியதில் புளி தட்டும் பெண்ணைப் பற்றிய பாட்டு, சொல்லப்போனால், பஸ் பாட்டைவிடப் பெரியது. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்து என்று அவள் கை போகும் வரிசையிலேயே மெட்டும் போகிறது. பேரனிடம் விரலைக் காட்டும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்த வேலையைப் பார்க்காத வீதி உண்டா? பஸ் பாட்டுக்கு அடுத்து வர வேண்டியது இது. மாங்கனிக் கண்காட்சி மேடை கிடைத்தால் அங்கேயும் இதைத் தைரியமாகப் பாடுங்கள். இன்னொன்றை விட்டுவிடுங்கள். அது பஸ் பாட்டின் நிழல், ஊர் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

இனி நண்பர் விஷயம். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்குத் தனி உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. வரி உங்களுடையது என்பதால் மெட்டும் உங்களுடையதாகிவிடாது. மெட்டுக்கான உரிமை அதைப் போட்டவரின் ஆயுளுக்கும், அதற்கப்புறம் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. அதற்கு மேல், அவர் வாசித்த பம்பையையே லேப்டாப்பில் ஓடவிட்டுப் பாடியிருக்கிறீர்கள். கேள்விப்படும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் 1952இலிருந்து 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள். பிரிந்த பிறகு தனித்தனியாகப் படங்கள் செய்தார்கள், 1995இல் மறுபடி ஒரு படத்துக்குச் சேர்ந்தார்கள். ஆனால் நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ரா மேடைகளில் அந்த 13 வருடப் பாட்டுகளை அறிவிக்கும்போது 'எம்.எஸ்.வி. இசையில்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வயலினோடு பக்கத்தில் உட்கார்ந்து அந்த மெட்டுகளை உருவாக்கிய மனிதரின் பெயர் விழுந்துபோகிறது. எனக்கு இது ஒவ்வொரு தடவையும் வலிக்கும். ஆகவே, பாடுவதற்கு முன்னால் மெட்டு யாருடையது என்று பெயர் சொல்லுங்கள். யூடியூபில் ஏற்றினால் அங்கேயும் எழுதுங்கள். அந்தப் பாட்டால் வரும் பணத்தில் அவருக்கு ஒரு பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குழு கலைந்ததே பணத்தால் என்கிறீர்கள், வாய்ப்பேச்சாக விட வேண்டாம்.

இதையெல்லாம் ஆள் விட்டுச் சொல்லாதீர்கள். நீங்களே போய்ப் பேசுங்கள். அவர் ஒத்துக்கொள்ளும்வரை அந்தப் பாட்டை மேடையில் எடுக்காதீர்கள். அதுவரை கூட்டம் கேட்டால், 'மெட்டுப் போட்டவரிடம் கேட்டுவிட்டு வந்து பாடுகிறேன்' என்று மைக்கில் சொல்லிவிட்டுப் புளிப் பாட்டை ஆரம்பியுங்கள்.