பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் ஷெல்) ஸ்கிரிப்டில் நிபந்தனைகள்: கேள்வி பதில்

கே: இஃப் [ $1 = 5 ] ($1 என்பது ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் முதல் மதிப்பு) சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ‘யூனரி ஆப்பரேட்டர் எக்ஸ்பெக்டட்’ என்று பிழை காட்டுகிறது. ஏன்?

ப: [ என்பது இலக்கணக் குறி இல்லை, எழுத்தைத் திரையில் காட்டும் எக்கோ மாதிரி ஒரு கட்டளை. பின்னால் வருபவை அதற்குக் கொடுக்கும் சொற்கள், கடைசிச் சொல் ] ஆக இருக்க வேண்டும். $1 காலியாக இருந்தால் அந்த இடமே காணாமல் போய், கட்டளைக்கு [ = 5 ] மட்டும்தான் போய்ச் சேரும். எதை எதோடு ஒப்பிடுவது? மதிப்புக்குள் இடைவெளி இருந்தால் ஒரு சொல் இரண்டாகப் பிரிந்து வேறு பிழை வரும். "$1" என்று இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். காலியாக இருந்தாலும் ஒரு சொல்லாகவே போகும்.

கே: [5 = 5] என்றால் கட்டளையே இல்லை என்கிறதே?

ப: [5 என்ற பெயரில் கட்டளை தேடுகிறது. இடைவெளி விடுங்கள்.

கே: [ 10 > 9 ] எனக்குச் சரியாகத்தான் வருகிறது. தப்பு என்கிறார்களே?

ப: [ 3 > 9 ] போட்டுப் பாருங்கள், அதுவும் உண்மை என்றே வரும். இங்கே > ஒப்பிடவில்லை, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புகிறது. உங்கள் ஃபோல்டரில் 9 என்று ஒரு காலிக் கோப்பு உட்கார்ந்திருக்கும். அதே பெயரில் முன்பே கோப்பு இருந்திருந்தால் அதிலிருந்ததெல்லாம் போச்சு. எண்களுக்கு (( 10 > 9 )) எழுதுங்கள். [[ 10 > 9 ]] வேண்டாம். அது எழுத்து வரிசைப்படி பார்த்து, 1 முன்னால் வருவதால் பொய் என்று சொல்லும்.

கே: பைத்தானில் ஒரே வரியில் இஃப் எழுதுவது எப்படி?

ப: இங்கே ஷெல் மட்டும். பைத்தான் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கே: எப்போதும் [[ ]] எழுதினால் தொல்லை தீர்ந்ததே?

இன்னொருவர்: தீராது. எஸ்எச் (sh) என்ற அடிப்படை ஷெல்லில் ஓடாது. புதியவர்களுக்கு அதைப் பழக்காதீர்கள்.

ப: இருவருமே பாதி சரி. [[ பாஷின் சொந்தச் சொல் என்பதால் உள்ளே மாறிகளைப் பிரிக்காது. ஆனால் டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் எஸ்எச் என்பது டேஷ் என்ற வேறொரு ஷெல், அதற்கு [[ தெரியாது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் #!/bin/bash என்று எழுதினால் தயங்காமல் [[ ]] போடுங்கள். அப்போதும் == குறிக்கு வலப்பக்கம் மேற்கோள் வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பில் உள்ள * எதோடும் பொருந்திவிடும்.

இன்னொருவர்: ஆக, மேற்கோள் அங்கேயும் வேண்டும். நான் சொன்னது அதைத்தான்.

ப: நீங்கள் சொன்னது எஸ்எச் பற்றி. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

கே: இஃப்-எல்ஸுக்குப் பதில் && || (முன்கட்டளை வென்றால் முதலாவது, தோற்றால் இரண்டாவது) போதாதா?

ப: போதாது. && பின்னால் வரும் கட்டளை தோற்றால் || பின்னால் வருவதும் ஓடும்.

கே: காலி இல்லையா என்று பார்க்க [ -என் $1 ] (-என் என்பது -n) எழுதினேன், காலியாக இருந்தாலும் உண்மை என்கிறது.

ப: மறுபடியும் மேற்கோள்! காலியானால் மிஞ்சுவது [ -என் ]. ஒரே சொல் இருந்தால், அது காலி இல்லை என்பதே உண்மைக்குப் போதும். பிழைச் செய்தியும் வராது. [ -என் "$1" ].