கட்டில் கம்பியில் ஒட்டியிருக்கும் வைரஸ்: கேள்வி பதில்

(குன்னூரில் தொற்றுத் தடுப்புச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் பதிலளிக்கிறார்.)

கோத்தகிரி வாசகி: அம்மாவை வார்டில் சேர்த்திருக்கிறோம், சிஸ்டர். கட்டில் கம்பியில் வைரஸ் எத்தனை நாள் இருக்கும்?

வைரஸுக்கு வைரஸ் கணக்கு மாறும், அம்மா. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையிலும், அட்டையில் 24 மணி நேரம் வரையிலும், செம்பில் 4 மணி நேரம் வரையிலும் தொற்றும் நிலையில் இருந்தது. ஆனால் அது ஆய்வகத்தில் வைரஸைத் தாராளமாகத் தடவி அளந்த கணக்கு; நேரம் செல்லச் செல்ல அதன் அளவு சரிந்துகொண்டே வந்ததையும் அதே ஆய்வு காட்டியது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் வேறு ரகம். உலர்ந்த ரத்தத்தில் 7 நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். எதுவாயினும் கம்பியிலிருந்து வைரஸ் தானாக நடந்து வராது. நம் கைதான் அதைக் கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் கொண்டுசேர்க்கிறது. கொரோனாவைப் பொறுத்தவரை, ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் கணித்தது.

உதகை வாசகர்: மேசையைத் துடைத்தெடுத்துச் செய்த பிசிஆரில் பாசிட்டிவ். வார்டை மூட வேண்டாமா?

வேண்டாம். பிசிஆர் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை; செத்த வைரஸின் மரபுத் துணுக்கையும் அது காட்டிக்கொடுக்கும்.

கூடலூர் வாசகர்: பிளீச்சிங் கரைசலால் துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுகிறார்கள். இது சரியா?

சரியல்ல. பளபளப்புக்காகச் செய்யும் இந்த வேலை மருந்தை வேலை செய்யவிடுவதில்லை. சளியோ ரத்தமோ படிந்த இடத்தில் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும் என்பதால், முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, அதன்பின் கரைசலைப் பூசி, ஈரம் தானாகக் காயும்வரை விட்டுவிட வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் திரவம்) ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். வழக்கமான துடைப்புக்கு அது போதும், சிந்திய ரத்தத்துக்கு இன்னும் கெட்டியாக வேண்டும். அன்றன்று கலக்குங்கள். கழிப்பறை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். இன்னொன்று: ஒரே துணியை ஒரே வாளியில் முக்கிப் பத்துக் கட்டிலைத் துடைத்தால், முதல் கட்டிலின் அழுக்கு பத்தாவது கட்டிலுக்குப் போய்ச்சேரும்.

குன்னூர் வாசகி: சானிடைசர் போதாதா?

வாந்தி, வயிற்றுப்போக்கு வார்டில் போதாது. அங்கே பரவக்கூடிய நோரோ வைரஸுக்குக் கொழுப்புறை இல்லாததால் ஆல்கஹாலுக்கு அது எளிதில் மசியாது; சோப்பும் தண்ணீரும்தான் கழுவிப் போக்கும்.

மூவர்: கதவுப்பிடி? லிஃப்ட் பொத்தான்? கைபேசி?

முதல் பதிலைப் படியுங்கள். கையைக் கழுவுங்கள்.

அருவங்காடு வாசகர்: நாய்க்கடி நோயாளி படுத்த கட்டிலில் படுத்தால் வெறிநோய் வருமா?

வராது, அந்த வைரஸ் உலர்ந்தால் சீக்கிரம் செயலிழந்துவிடும். நாய் கடித்திருந்தால் மட்டும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே தடுப்பூசிக்குப் போங்கள்.

கூடலூர் வாசகர் (மீண்டும்): புகைமருந்து அடித்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே?

தீராது, தம்பி. அறைக்குள் மருந்தைத் தெளிப்பதையும் புகையாக அடிப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைக்கவில்லை. அழுக்குக்கு அடியில் மருந்து போகாது, ஆனால் மனிதர் நுரையீரலுக்குள் போகும். அதற்குச் செலவிடும் பணத்தில் சன்னல் கொக்கிகளைச் சரிசெய்து காற்றோட்டம் வரவைக்கலாம்.

உதகை வாசகர்: தை மாதப் பனியில் சன்னலைத் திறந்துவைத்தால், கிருமிக்கு முன்னால் குளிரே கிழவரைக் கொண்டுபோய்விடும், சிஸ்டர்!

முழுச் சன்னலையும் திறக்கச் சொல்லவில்லை. நம் மலையில் எல்லோரும் கம்பியைத் துடைத்துவிட்டு, அடைத்த அறையில் இருமும் நோயாளியோடு உறவினர் நால்வரை உட்காரவைக்கிறோம். கொரோனா, இன்ஃப்ளூயன்சா இரண்டிலும் அந்தக் காற்றே பெரிய ஆபத்து. எதிரெதிர்ச் சுவர்களில் மேலே உள்ள காற்றுத்துளைகளைத் திறந்துவைத்து, கட்டிலை நேர்க்காற்றிலிருந்து தள்ளிப் போட்டு, இன்னொரு கம்பளியும் கொடுங்கள்.

கோத்தகிரி வாசகி: அந்தக் கம்பளியை எப்படித் துவைப்பது?

உதறாமல் சுருட்டிப் பையில் போட்டுத் தனியாகத் துவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கம்பளிக்குப் பிளீச்சிங் ஆகாது. அமிலத்தோடு சேர்த்தால் உங்களுக்கும் ஆகாது.